சாயம் வெளுக்காத வாழ்வு: எதெல் மைரேயும் நாம் தொலைத்த சாயவேரும்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். வெள்ளை வேட்டியில் அந்த மண் ஏறிவிட்டால் எத்தனை தடவை தோய்த்தாலும் அது முழுவதாகப் போவதில்லை. மண் தானாக ஏற்றும் நிறம் அது. மனிதர் விரும்பிய நிறத்தை விரும்பிய துணியில் ஏற்றி, வெயிலுக்கும் நீருக்கும் வெளுக்காதபடி நிலைக்கச் செய்வதற்கோ தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அறிவு வேண்டும். அந்த அறிவு ஒரு காலத்தில் குடாநாட்டிலும் இருந்தது. கரையோர மணலில் வளர்ந்த சிறு செடியொன்றின் மெல்லிய நீண்ட வேரைக் கிண்டி எடுத்து, உலர்த்தி, இடித்து, நீரில் அவித்துச் சிவப்புச் சாயம் இறக்கினார்கள். சாயவேர் என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் மன்னாரிலும் விளைந்த இந்த வேருக்கு இருந்த மதிப்பை அறிய ஒன்று போதும். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், யானையையும் முத்தையும் சங்கையும் போலவே சாயவேரையும் தமது கம்பனியின் ஏகபோக உரிமைக்குள் வைத்திருந்தனர்.

இன்று சாயவேர் என்ற சொல்லே நம்மிற் பலருக்குப் புதிது. வேரைக் கிண்டியவர்களின் பெயரோ, சாயத்தொட்டியின் பக்குவமறிந்த கைகளின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. எவ்வளவு நீருக்கு எவ்வளவு வேர், எத்தனை நாள் ஊறல், எந்தப் பதத்தில் துணியை இறக்குவது என்பனவெல்லாம் அந்தக் கைகளோடு போய்விட்டன. இந்த இழப்பின் அளவை உணர வேண்டுமாயின், கைகளோடு போகவிருந்த இத்தகைய அறிவை எழுத்தில் நிறுத்திய ஒருவரின் வாழ்க்கையை அறிவது பயன் தரும். அவர் ஓர் ஆங்கிலப் பெண். நமது நாட்டிற் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் மருமகளாகவும் இருந்தவர். கைத்தறியும் இயற்கைச் சாயமும் பற்றி ஆர்வங்கொண்டோர் உலகெங்கும் மதிக்கும் பெயர் அவருடையது. நம்மிடையே அப்பெயர் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது. அவர் எதெல் மைரே.

எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பார்ன்ஸ்டபிள் என்ற சிறு நகரிற் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தியவர். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு அக்காலத்தில் திறந்திருந்த வழிகள் மிகச் சில. எதெல் பியானோ கற்று, 1899 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் இசைக் கழகத்தில் ஆசிரியத் தகுதி பெற்றார். இலண்டனிலும் ஜேர்மனியின் பொன் நகரிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் பணிபுரிந்தார். அவருடைய சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜ் நகைவினைஞர். சி.ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் நிறுவிய கைவினைக் கழகத்தோடு தொடர்புடையவர். ஆலைகளின் பெருக்கத்தால் மனிதக் கையின் மதிப்புக் குன்றுகிறதென்று கவலைகொண்டு வில்லியம் மொறிஸ் தொடங்கிவைத்த இயக்கத்தின் வழிவந்தது அக்கழகம். எதெலின் பிற்கால வாழ்க்கையின் வித்து அந்தச் சூழலிலேயே விழுந்தது.

1902 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். மணமகனுக்கு அப்போது 24 வயது, மணமகளுக்கு 30. ஆனந்தர் சேர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணிக்கும் 1877 இல் கொழும்பிற் பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவர் அந்நாளில் கலை விமர்சகரல்லர். புவிச்சரிதவியல் கற்ற விஞ்ஞானி. 1903 ஆம் ஆண்டில் இருவரும் இலங்கை வந்தனர். நாட்டின் கனிய வளங்களை ஆராயும் அரச மதிப்பீட்டுப் பணிக்கு ஆனந்தர் தலைமை தாங்கினார். தோரியனைற்று என்ற புதிய கனியத்தை 1904 இல் அவர் இனங்கண்டமை விஞ்ஞான உலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

கனியம் தேடிச் சென்ற பயணங்களே அவர்களைக் கலைக்கு அழைத்துச் சென்றன. மலையகக் கிராமங்களில் முகாமிட்டுத் தங்கியபோது கல்லையும் மண்ணையும் ஆராய்ந்த கண்கள் அவற்றின்மேல் வாழ்ந்த மனிதரின் வேலைப்பாட்டையும் கண்டன. பித்தளை வார்ப்பவர், தந்தம் செதுக்குபவர், அரக்கு வேலை செய்பவர், பாய் நெய்பவர், தறியில் அமர்ந்தவர் என எல்லோரிடமும் சென்றார்கள். எதெலின் கையில் புகைப்படக் கருவி இருந்தது. கைவினைஞரையும் அவர்களுடைய கருவிகளையும் படைப்புகளையும் அவர் படம் பிடித்தார்; குறிப்பேடு எழுதினார்; பழைய துணிகளைச் சேகரித்தார்.

அவர் கண்ட காட்சி ஒரு மாலைக்காலக் காட்சி. கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் வீழ்ந்தபோது அரண்மனையை நம்பியிருந்த கைவினைக் குடும்பங்கள் புரவலரை இழந்தன. இராசகாரிய முறை 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு ஒழிக்கப்பட்டபோது, அதன் கொடுமைகள் நீங்கியதோடு அது தாங்கிநின்ற தொழிலமைப்பும் கலைந்தது. பின்னர் லங்காஷயர் ஆலைகளின் மலிவான துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. கிராமத்துப் பருத்தியை நூற்று நெய்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தும்பறைப் பகுதியின் தலகுனே போன்ற ஓரிரு ஊர்களிலேயே பழைய நெசவு உயிர்தரித்திருந்தது. எதெல் வந்திறங்கியபோது, ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் எஞ்சியிராதவற்றைக் காணும் கடைசி வாய்ப்பு அவருக்கு இருந்தது.

அவருடைய கவனத்தை ஈர்த்தவற்றுள் முதன்மையானது துணியில் ஊசியால் செய்யும் பூத்தையல். கையால் நூற்ற கோறைத் துணியின்மேல் சிவப்பும் நீலமுமான நூல்கொண்டு தைத்த வெற்றிலைப் பைகளும் கைக்குட்டைகளும் கண்டி நாட்டு வீடுகளின் பெட்டகங்களில் இருந்தன. அரண்மனைச் சிற்பத்தைப் பற்றியும் விகாரைச் சுவரோவியத்தைப் பற்றியும் எழுத ஆட்கள் இருந்தார்கள். வெற்றிலைப் பையைக் கலைப்பொருளாகக் கருதி அதன் தையல் வகையை எண்ணிப் பார்க்க அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. எதெல் எண்ணிப் பார்த்தார். பழைய சிங்களப் பூத்தையல் பற்றித் தனிக் கட்டுரையொன்றும் எழுதினார். பெண்களின் கைவேலையை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்த அந்தப் பார்வையே அவருடைய முதற் சாதனை எனலாம்.

1907 ஆம் ஆண்டில் தம்பதியர் இங்கிலாந்து திரும்பினர். புரோட் காம்ப்டன் என்ற கிராமத்தில், பழைய நோர்மன் காலத் தேவாலயமொன்றை ஆஷ்பி இவர்களுக்காக வீடாக்கிக் கொடுத்திருந்தார். வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் பயன்படுத்திய கைப்பொறி ஆஷ்பியின் வழியாக இவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அதிலே 1907 செப்ரெம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, பதினைந்து மாத உழைப்பில், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் கையால் அச்சிடப்பட்டது. மொத்தம் 425 பிரதிகள். இலங்கையின் கைவினைகள் பற்றி எழுதும் எவரும் இன்றுவரை தொடங்குமிடம் அந்த நூலே.

நூலின் முகப்பில் உள்ள பெயர் ஆனந்த குமாரசுவாமியுடையது. எழுத்தும் சிந்தனையும் அவருடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிலுள்ள புகைப்படங்களிற் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. பூத்தையல் பற்றிய பகுதி அவருடைய உழைப்பின்றி உருவாகியிராது. கணவர் பெயரால் அறியப்படும் நூல்களுக்குள் மனைவியர் பலரின் உழைப்பு மறைந்துகிடப்பது அந்நூற்றாண்டின் வழமை. அது ஒரு தனிமனிதரின் குற்றமன்று, காலத்தின் பழக்கம். எனினும் ஆனந்தரைப் போற்றும்போது, அந்தக் கிராமங்களில் கருவியைத் தூக்கிச் சென்று படம் பிடித்தவரையும் நினைவு கூர்வது நியாயம்.

அந்த இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. ஆனந்தரின் மனம் பின்னாளில் ரத்தன் தேவி என்ற பெயரில் இந்திய இசை பாடிய அலிஸ் றிச்சர்ட்சன் என்ற பெண்மணியை நாடிற்று. 1913 ஆம் ஆண்டளவில் எதெலுடனான மணவாழ்வு சட்டப்படியும் முடிந்தது. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு, அதுவும் மணமுறிவு பெரும் பழியாகக் கருதப்பட்ட அந்நாளில், வாழ்க்கை முடிந்துவிட்டதென்று பலர் எண்ணியிருக்கலாம். அவருடைய சொந்த வாழ்க்கை அங்குதான் தொடங்கியது.

இலங்கையில் அவர் சேகரித்தது துணிகளை மாத்திரமன்று. நல்ல துணி எப்படி உருவாகிறது என்ற கேள்வியையும் உடன் கொண்டு சென்றிருந்தார். பழைய துணிகளின் சிவப்பும் நீலமும் நூற்றாண்டு கடந்தும் கண்ணுக்கு இதமாக இருந்தன. அவர் காலத்துக் கடைத்துணியின் நிறமோ சில தோய்ப்பில் மங்கியது. காரணம் தேடிய அவர் புரோட் காம்ப்டனிலேயே நூற்றலையும் நெசவையும் சாயமிடுதலையும் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். முறையான பயிற்சியளிக்கும் பள்ளி எதுவும் இல்லை. ஆங்கிலக் கிராமங்களிலும் கைத்தறி நெசவு மறைந்துவிட்டிருந்தது. கண்டியிற் கண்ட அதே இழப்பு அவருடைய சொந்த நாட்டில் அதற்கும் முந்தியே நிகழ்ந்திருந்தது. எஞ்சியிருந்த முதியவர்களிடம் கேட்டும், பழைய நூல்களைப் புரட்டியும், தொட்டியிற் கை நனைத்தும் கற்றார்.

1913 இல் பிலிப் மைரே என்ற இளைஞரை அவர் மறுமணம் செய்தார். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள ஷொட்டரியில் அவர்களுடைய முதற் பட்டறை அமைந்தது. முதலாம் உலகப் போர் வந்தது. போர்ச் சேவையை ஏற்க மறுத்த பிலிப் சிறை சென்றார். அந்த நெருக்கடிக்கு நடுவே, 1916 ஆம் ஆண்டில், எதெல் தாவரச் சாயங்கள் பற்றிய தமது சிறு நூலை வெளியிட்டார். ஹிலரி பெப்ளர் என்ற அச்சாளரின் கைப்பொறியில் உருவான அந்நூல் பின்னர் பல பதிப்புகள் கண்டது.

அந்நூலின் பெருமையை உணர, சாயத்தின் வரலாற்றைச் சற்றே அறிய வேண்டும். 1856 இல் வில்லியம் பேர்க்கின் என்ற இளம் இரசாயனவியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயமொன்றைத் தற்செயலாகக் கண்டறிந்தார். 1868 இல் ஜேர்மனிய விஞ்ஞானிகளான கிரேபேயும் லீபர்மனும் மஞ்சிட்டி இனச் செடிகளின் வேரிலுள்ள சிவப்புப் பொருளை ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டினர். நமது சாயவேருக்கும் சிவப்பைத் தருவது அதே பொருள்தான். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் மஞ்சிட்டி பயிரிட்ட வயல்கள் வெறுமையாயின. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்கு உலகப் புகழ் தேடித்தந்த வேர்ச்சிவப்பு, சந்தையில் விலையற்றுப் போனது. பேர்லின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த ஒன்று மன்னார் மணலில் வேர் கிண்டியவரின் அடுப்பை அணைத்தது.

எதெல் இரசாயனத்தைப் பழித்து மட்டும் நிற்கவில்லை. வழிமுறையை எழுதினார். சாயம் துணியில் நேரே ஒட்டுவதில்லை. முதலில் படிகாரம் போன்ற பற்றுப்பொருளில் நூலை ஊறவைக்க வேண்டும். பற்றுப்பொருள் மாறினால் ஒரே சாயம் வெவ்வேறு நிறம் காட்டும். இரும்புச்சத்துச் சேர்ந்தால் கருமை படரும். அவுரி நீலத்துக்கு இவை எதுவும் வேண்டாம், தொட்டியைப் புளிக்கவைத்துத் துணியை அமிழ்த்தி எடுத்துக் காற்றில் விரித்தாலே நீலம் மலரும். இத்தகைய செய்திகளை அளவுகளோடும் செய்முறைகளோடும் அவர் தொகுத்தார். பட்டறையில் தொட்டியருகே விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்யத்தக்க நூல் அது. அந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இங்கிலாந்தில் ஒரு தலைமுறை மீண்டும் சாயத்தொட்டி மூட்டியது.

துணியில் அச்சுக்கட்டை கொண்டு சித்திரம் பதிக்கும் கலையும் அதே காலத்தில் பெண்கள் சிலரின் முயற்சியால் அங்கு புத்துயிர் பெற்றது. அவர்களில் முன்னின்ற பிலிஸ் பாரன், டொரதி லார்ச்சர் இருவரும் இயற்கைச் சாயங்களைக் கொண்டே கட்டை அச்சுத் துணிகளை உருவாக்கினர். லார்ச்சர் அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்கச் சென்ற குழுவோடு இந்தியா வந்து, போர்க்காலத்தையும் அங்கேயே கழித்தவர். நெசவிலும் அச்சிலும் ஆங்கிலப் பெண்கள் ஏற்படுத்திய மறுமலர்ச்சிக்குப் பின்னால் நமது கரைகளின் துணிகள் நின்றன என்பது நாம் பெருமைப்படவும் வெட்கப்படவும் வேண்டிய செய்தி.

போரின் நடுவில் மைரே தம்பதியர் சசெக்ஸ் மாவட்டத்தின் டிச்லிங் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தனர். சிற்பி எரிக் கில், இலண்டன் சுரங்க இரயிலுக்கு எழுத்துரு அமைத்த எட்வேர்ட் ஜோன்ஸ்டன், அச்சாளர் பெப்ளர் ஆகியோர் வாழ்ந்த ஊர் அது. அங்கு உருவான கத்தோலிக்கக் கைவினைஞர் கழகம் புகழ்பெற்றது. ஆயினும் 1970கள்வரை அதிற் பெண்களுக்கு அங்கத்துவம் இருக்கவில்லை. எதெல் அந்தக் கழகத்தின் வாசலிற் காத்து நிற்கவில்லை. 1920 அளவில் கொஸ்பல்ஸ் என்ற பெயரில் தமது சொந்த வீட்டையும் பட்டறையையும் கட்டினார். அந்தப் பட்டறையில் நூற்றவர்களும் சாயமிட்டவர்களும் நெய்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. உள்ளூர்ப் பெண்கள் அங்கு சம்பளத்துக்கு வேலை செய்தனர். தூர இடங்களிலிருந்து மாணவிகள் வந்து தங்கிக் கற்றனர். எலிசபெத் பீகொக் போன்று பின்னாளில் பெயர்பெற்ற நெசவாளர் பலர் அவரிடம் பயின்றவர்கள்.

யப்பானிய மட்பாண்டக் கலைஞர் ஷோஜி ஹமாடா 1920களின் தொடக்கத்தில் டிச்லிங்குக்கு வந்தார். கிராமத்திலேயே வாழ்ந்து, கையாலேயே உழைத்து, அதே வேளை உலகத் தரமான பொருளைச் செய்யலாம் என்பதை எதெலின் வீட்டில் அவர் கண்டார். எதெல் நெய்த துணியில் தமக்கு ஓர் உடுப்பும் தைத்துக்கொண்டார். பின்னர் நாடு திரும்பி மஷிகோ என்ற கிராமத்தில் அவர் அமைத்துக்கொண்ட வாழ்க்கைக்கு டிச்லிங் ஒரு முன்மாதிரி. இவ்வாறு கண்டி நாட்டுக் கிராமத்தில் மூண்ட ஒரு பொறி இங்கிலாந்து வழியாக யப்பான்வரை சென்றது.

எதெலைக் குறைகளற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. நெசவு நுட்பத்தில் அவர் பெரும் வல்லுநரல்லர். அவருடைய துணிகளில் இழை சமனற்று இருப்பதுண்டு. நிறத்திலும் இழையின் தன்மையிலுமே அவருடைய ஆற்றல் தங்கியிருந்தது. பட்டறையில் மிகவும் கண்டிப்பானவர். அவரிடம் வேலை செய்வது எளிதன்று. பிலிப் மைரே நாடகம், இதழியல் எனத் தமது வழியே சென்றார்; அந்த இல்வாழ்வும் காலப்போக்கில் இருவரின் வெவ்வேறு பாதைகளாகப் பிரிந்தது. மனித உறவுகளில் அவர் அடைந்த தோல்விகள் பல. வேலையை மட்டும் அவர் ஒரு நாளும் கைவிடவில்லை.

அவருடைய சிந்தனையின் மிக முக்கியமான திருப்பம் அறுபது வயதுக்குப் பின்னரே நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. ஆஷ்பியின் கழகம் 1908 அளவில் கடன்சுமையால் கலைந்ததை அருகிருந்து பார்த்தவர் அவர். சந்தையைப் புறக்கணித்த கைவினை செல்வரின் பொழுதுபோக்காகிவிடும் என்பதை அந்த அனுபவம் கற்றுக் கொடுத்திருந்தது. 1930களில் ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கும் பால்கன் நாடுகளுக்கும் சென்று அங்குள்ள நெசவைக் கண்டார். கைத்தறியும் ஆலையும் பகைவர் அல்ல, கைத்தறியில் கண்டறியும் வடிவத்தையும் நிறத்தையும் ஆலை ஏற்று மக்கள் வாங்கக்கூடிய விலையிற் பெருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய பட்டறையில் பயின்ற சுவிற்சர்லாந்துப் பெண் மரியான் ஸ்ட்ரோப் பின்னர் பிரித்தானிய ஆலைகளின் முன்னணித் துணி வடிவமைப்பாளரானார். இலண்டன் பேருந்துகளினதும் இரயில்களினதும் இருக்கைத் துணியை வடிவமைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவற்றில் அமர்ந்து பயணித்த இலட்சக்கணக்கானோர் டிச்லிங் பட்டறையின் பயனைத் தம்மை அறியாமலே தொட்டிருக்கின்றனர்.

1937 ஆம் ஆண்டில், கைத்தொழில் வடிவமைப்பாளருக்குப் பிரித்தானியா வழங்கும் மிக உயர்ந்த தகைமை எதெலுக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே. 1939 இல் சமகாலக் கைத்தறி பற்றிய நூலொன்றை எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நூலுக்கே தட்டுப்பாடு நிலவியபோதும் பிரைட்டன் கலைக் கல்லூரியிற் கற்பித்தார். பாடசாலைகளில் நெசவைக் கல்வியாக்குவது பற்றி எழுதினார். 1952 நவம்பரில், எண்பதாவது வயதில், டிச்லிங்கில் மறைந்தார். அவருடைய துணிகளும் சாய மாதிரிகளும் குறிப்புகளும் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன. ஒரு மாணவி இன்று அங்கு சென்று, அவர் எந்த நூலுக்கு எந்தச் சாயம் ஏற்றினார் என்பதைக் கண்ணால் காணலாம்.

இனி நம்மிடம் வருவோம். எதெலும் ஆனந்தரும் கண்டி நாட்டின் கைவினைகளுக்குச் செய்த பணியை யாழ்ப்பாணத்தின் கைவினைகளுக்கு எவரும் அக்காலத்திற் செய்யவில்லை. அவர்களுடைய ஆய்வின் களம் மலையகம். அதற்காக அவர்களைக் குறைகூற முடியாது. தமிழறிவில் சிறந்த பண்டிதர்கள் அந்நாளில் இங்கு பலர் இருந்தனர். ஏட்டுச் சுவடிகளை அழிவிலிருந்து காத்த பெருமக்களுக்கு இம்மண் என்றும் கடமைப்பட்டது. ஆனால் சாயத்தொட்டியின் பக்குவத்தைச் சுவடியைப் போல மதித்து எழுதிவைக்க வேண்டுமென்ற எண்ணம் நமது கல்விமரபில் எழவில்லை. எழுத்தறிவு ஒரு தெருவிலும் கைத்தொழில் இன்னொரு தெருவிலுமாக நாம் வாழ்ந்தோம். இரண்டுக்கும் நடுவில் சாதி என்னும் சுவர் நின்றது. கைத்தொழிலாளியிடம் சென்று திண்ணையில் அமர்ந்து கற்பது படித்தவனின் கௌரவத்துக்குக் குறைவாக எண்ணப்பட்டது. சாயவேரை அழித்ததில் பேர்லின் ஆய்வுகூடத்துக்கு ஒரு பங்கென்றால், அதன் அறிவை அழித்ததில் நமக்கும் ஒரு பங்குண்டு.

கைகளில் இருக்கும் அறிவு மனிதரோடு பயணிக்கும். மனிதர் பெயர்க்கப்பட்டால் அதுவும் பெயர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தின் தையற்கலையில் சோனகத் தெரு முஸ்லிம் மக்களுக்கு இருந்த சிறப்பான இடத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, சில மணி நேர அவகாசத்தில் அவர்கள் விட்டுச் சென்றவை வீடுகளும் கடைகளும் மட்டுமல்ல. தந்தையிடமிருந்து மகன் அளவெடுக்கக் கற்ற ஒரு தொழில் மரபும் அன்று அறுந்தது. போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கதையும் இதுவே. தறியைத் தோளிற் சுமந்துகொண்டு எவரும் ஓட முடியாது. கிழக்கில், மருதமுனையின் முஸ்லிம் நெசவாளர்கள் கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் நாடெங்கும் பெயர்பெற்றவர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கொடூரமாகத் தாக்கிய ஊர்களில் மருதமுனையும் ஒன்று. அதன் பின்னரும் அங்கு தறிச்சத்தம் கேட்கிறதென்றால், அது அந்த மக்களின் மனவுறுதிக்குச் சான்று.

எல்லாம் போய்விட்டதென்று கூறுவதும் உண்மையன்று. குடாநாட்டுக் கிராமங்களில் பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயம் போட்டு, பெட்டியும் தட்டும் இழைக்கும் பெண்கள் இன்றும் உள்ளனர். கிழக்கில் பன்பாய் இழைக்கும் முஸ்லிம் பெண்களின் விரல்களில் எந்தப் பள்ளியும் கற்பிக்காத கணிதம் இருக்கிறது. அவர்களுடைய பெயரையும், அவர்கள் இழைக்கும் வடிவங்களுக்கு அவர்களே வழங்கும் சொற்களையும், ஓலையை அவிக்கும் பதத்தையும் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? நமது பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதுகின்றனர். அவர்களில் பத்துப் பேர் தமது ஊரின் ஒரு கைவினைஞரிடம் ஒரு பருவம் அமர்ந்து, பார்த்து, அளந்து, எழுதினால் பத்து ஆண்டுகளில் நம்மிடம் நூறு கைவினைகளின் பதிவு இருக்கும். எதெலிடம் இருந்தது ஒரு புகைப்படக் கருவியும் ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. அவற்றில் முதலிரண்டும் இன்று ஒவ்வொருவர் கைபேசியிலும் உள்ளன.

பதிவு மட்டும் போதாது என்பதும் எதெலின் வாழ்க்கை சொல்லும் பாடம். அவர் அருங்காட்சியகத்துக்காக மாத்திரம் உழைக்கவில்லை. செய்தவருக்குக் கூலி கிடைக்க வேண்டும், வாங்குபவருக்குப் பயன்பட வேண்டும், அடுத்த தலைமுறை அதனைக் கற்க விரும்ப வேண்டும் என எண்ணினார். அதனாலேயே அவருடைய பட்டறை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இரக்கத்தின் பேரில் வாங்கப்படும் கைவினைப்பொருள் ஒரு முறைதான் விற்கும். தரத்தின் பேரில் வாங்கப்படுவதே தொழிலாக நிலைக்கும். நமது கூட்டுறவுச் சங்கங்களும் கைப்பணி நிலையங்களும் மனங்கொள்ள வேண்டிய உண்மை இது.

அயல்நாட்டுப் பெண்ணொருத்தி நமது தீவின் கிராமத்து வீட்டில் ஒரு வெற்றிலைப் பையைக் கையிலெடுத்து, இதைத் தைத்தவள் யார், இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுடைய வாழ்க்கையை நிரப்பியது. ஒரு நாட்டின் துணியையே மாற்றியது. நமது வீட்டுப் பெட்டகங்களிலும் பாட்டிமார் விட்டுச் சென்ற சேலைகளும் ஓலைப்பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றின் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று அமர்ந்து அதே கேள்வியைக் கேட்க நமக்கு எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.